பட்டினி வரிசை

பிப்ரவரி 6

செர்ரிக் கன்றுகளின் கணக்கை எழுத ஆராய்ச்சிப் பண்ணை ஹேமலதா மேடம் ஒரு பதிவேடு கொடுத்திருக்கிறார். அதில் மரத்தைப் பற்றி மட்டும் எழுத வேண்டும். வீட்டு விஷயம் வரக் கூடாது, அடித்தல் திருத்தல் கூடாது. மற்றதை இதில் எழுதலாம் என்று, கொழுந்தன் ராசாங்கம் கொண்டுவந்து போட்ட போன வருடத்து டைரியை எடுத்துக்கொண்டேன். கிழமைகள் பொருந்தாது. பரவாயில்லை.

வீட்டுக்கு எதிரே, சரிவில் படியாக வெட்டிய மேல்தட்டில் நாங்கள் பூண்டு போட்டு இரண்டு வருடம் ஆகிறது. என் வீட்டுக்காரருக்கு முடியவில்லை. ஆராய்ச்சிப் பண்ணைக்காரர்கள் அந்தத் தட்டைக் குத்தகைக்கு எடுத்து நான்கு வரிசை செர்ரி நட்டிருக்கிறார்கள், வரிசைக்கு எட்டு. பிளம்ஸ், பேரி எங்கள் மலைக்குப் பழசு. செர்ரியை யாரும் பார்த்ததில்லை. கன்றுகள் இமயமலைப் பக்கமிருந்து லாரியில் வந்தன. இலை இல்லை, வேரில் மண் இல்லை. நட்டதும் முழங்கால் உயரத்தில் வெட்டிவிட்டார்கள். பன்னிரண்டாம் வகுப்பு படித்தவள் என்பதால் பராமரிப்பும் அளவெடுப்பும் எனக்கு.

வீட்டுக்காரர் வாசலில் நாற்காலி போட்டு உட்கார்ந்து பார்த்தார்.

"வெறகுக்கு வேலி போட்டிருக்காக" என்றார்.

மார்ச் 19

மொட்டு உடைந்துவிட்டது. பச்சை ஊசி முனை மாதிரி இருக்கிறது. முப்பத்திரண்டும் பிழைத்தன. மேடம் கைதட்டினார்.

இன்று முதல் யூரியா. முதல் வரிசைக்கு ஒன்றும் கிடையாது. இரண்டாவதற்குக் கொஞ்சம், மூன்றாவதற்கு அதைப்போல் இரண்டு பங்கு, நான்காவதற்கு மூன்று பங்கு. தண்டிலிருந்து ஒரு சாண் தள்ளி வளையமாகக் கீறி, தூவி, மண் மூட வேண்டும். எங்கள் ஊரில் பூண்டுக்கு உரம் தூவுவதில்லை. சரிவில் மழை அடித்துக்கொண்டு போய்விடும். செடிக்குப் பக்கத்தில் விரலால் குழி குத்தி, சிட்டிகை வைத்து, பெருவிரலால் அமுக்கி மூடுவோம். என் விரல் தானாகக் குத்தப் போனது. மேடம் கையைப் பிடித்துக்கொண்டார்.

"இல்ல தனக்கொடிக்கா, குழி வேணாம். வேர் சுத்தியும் ஒரே சீரா கெடைக்கணும்."

"ஏன் மேடம், அந்த மொத வரிசைக்கு மட்டும் ஒண்ணுமில்ல?"

"ஒண்ணும் குடுக்காட்டி எவ்வளவு வளருதுன்னு தெரிஞ்சாத்தானே, குடுத்ததால எவ்வளவு வளந்துச்சுன்னு சொல்ல முடியும்?"

மாலையில் வீட்டுக்காரரிடம் சொன்னேன். சிரித்தார். வரிசைகளுக்குப் பெயர் வைத்தார்: பட்டினி, கஞ்சி, சாப்பாடு, விருந்து. பட்டினி வரிசைதான் வாசலுக்கு நேராக இருக்கிறது.

ஏப்ரல் 22

இரண்டாவது யூரியா. களை எடுத்தேன். விருந்து வரிசையில் இலை உள்ளங்கை அகலம். பட்டினியில் வேப்பிலை அளவு.

அவர் கால் வீங்கியிருக்கிறது. செருப்பு பத்தவில்லை.

மே 10

கீழே பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். ராசாங்கம் ஜீப்பில் கூட்டிப் போனான். வளைவுகளில் அவர் இரண்டு முறை வாந்தி எடுத்தார்.

"வேலப்பன் யாரு?" என்று நர்ஸ் கூப்பிடும்போது பகல் சாப்பாட்டு நேரம் தாண்டிவிட்டது. இரண்டு சிறுநீரகமும் சுருங்கிவிட்டதாக டாக்டர் படம் வரைந்து காட்டினார். ரத்தத்தில் யூரியா ஏறிக் கிடக்கிறதாம். அவர் என்னைத் திரும்பிப் பார்த்தார்.

"பாத்தியா. இத்தன வருசம் மூட்டை சொமந்தேன்ல. உள்ள போயிருச்சு."

டாக்டர் சிரிக்கவில்லை. உப்பு கூடாது, பருப்பு குறைக்க வேண்டும், தண்ணீரை அளந்து குடிக்க வேண்டும் என்றார். சீக்கிரத்தில் டயாலிசிஸ் வேண்டியிருக்கும், வாரம் இரண்டு தடவை வர வேண்டும், மனதைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்றார்.

திரும்பும்போது மேலே ஏற ஏறக் குளிர்ந்தது. போர்வை எடுத்துப் போகாதது என் தப்பு.

மே 11

சாப்பாட்டில் உப்பில்லை. தட்டைத் தள்ளிவிட்டு எதிரே பார்த்தார்.

"நானும் மொத வரிசைதான் இனி."

ஜூன் 17

சாரல். அளவெடுத்தேன். விருந்து என் தோளுக்கு வந்துவிட்டது. பட்டினி தொடைக்குக் கீழே நிற்கிறது. பத்து நாளைக்கு முன் எடுத்த அளவுதான் இன்றும். இலை வெளிர்ந்திருக்கிறது.

ஜூன் 30

ஆஸ்பத்திரி. இனித் தள்ளிப்போட வேண்டாம், அடுத்த வாரமே ஆரம்பிக்கலாம் என்கிறார் டாக்டர். எவ்வளவு தள்ளினாலும் தீபாவளியைத் தாண்டக் கூடாதாம். "ஊர்ல போயி ரோசன பண்ணிட்டு வாரேன் சார்" என்று கும்பிட்டுவிட்டு எழுந்து வந்துவிட்டார் இவர்.

வீட்டுக்கு வந்ததும் ராசாங்கம் சத்தம் போட்டான்.

"என்னண்ணே நெனச்சுக்கிட்டு இருக்க? ஜீப்பு என்னோடது, டீசல் என்னோடது. நீ ஏறி உக்காரணும். அதுக்கென்ன வலிக்குது?"

"வாரத்துக்கு ரெண்டு தடவ மலையெறங்கி மலையேறணும். அங்க போயி ஒரு மெசின்ல கெடக்கணும். செத்தாலும் இங்கன சாகுறேன்டா."

"மதினிய யாரு பாக்குறது?"

அவர் எதிர்த் தட்டைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"அந்தா நிக்குதுல்ல பட்டினி வரிசை. அதுல ஒத்த மரம், ஒரே ஒரு மரம், என் இடுப்புக்கு வரட்டும். அன்னைக்கு வாரேன். குழந்தை வேலப்பர் சத்தியமா வாரேன்."

"அது எங்க வரப்போகுது? அதுக்குத்தான் ஒண்ணுமே போடக் கூடாதாமே" என்றான் ராசாங்கம்.

"அதத்தான்டா நானும் சொல்றேன்."

சாமி பெயரில் சொன்னால் மாற மாட்டார். கல்யாணத்துக்கு முன் பீடியை விட்டதும் அப்படித்தான்.

ஜூலை 23

மேடம் வந்து வரிசை வாரியாக இலை பறித்துக் காகித உறையில் போட்டுக்கொண்டார். இலையில் எவ்வளவு தழைச்சத்து இருக்கிறது என்று பண்ணையில் பார்ப்பார்களாம். பட்டினியில் பறிக்கும்போது, "பாவமா இருக்குல்லக்கா" என்றார்.

"ஆமா மேடம்."

"பாவம் பாக்காதீங்க. இந்த வரிசை சரியா இருந்தாத்தான் மத்த மூணும் பேசும்."

ஆகஸ்ட் 8

அவர் இரவில் மூன்று தலையணை வைத்துச் சாய்ந்தபடிதான் தூங்குகிறார்.

ஆகஸ்ட் 21

அளவெடுத்தேன். பட்டினி வரிசையில் உயரமானது கடைசி மரம். அவர் இடுப்புக்கு இன்னும் ஒரு முழம் வேண்டும். அவர் வேட்டியை இறக்கிக் கட்டினால் முக்கால் முழம்.

ஆகஸ்ட் 26

யூரியா மூட்டையை எலி கடித்திருக்கிறது. கொஞ்சம் சிந்திவிட்டது. வேறு சாக்கில் மாற்றிக் கட்டினேன்.

செப்டம்பர் 4

மேடம் வந்திருந்தார். இனி எந்த வரிசைக்கும் யூரியா இல்லை என்றார். பதிவேட்டில் என்னையே எழுதச் சொன்னார். எழுதினேன்.

"குளிர் வர்றதுக்குள்ள எல்லா மரமும் எலைய உதுத்துட்டுத் தூங்கணும்க்கா. இப்பப் போயி சாப்பாடு போட்டா தூங்காது, குருத்து விட்டுக்கிட்டே இருக்கும். உறைபனி வந்தா அவ்வளவும் கருகிடும். எலை மஞ்சளாச்சேன்னு பதறாதீங்க. இது பூண்டு இல்ல."

இலை மஞ்சளானால் பசி என்றுதான் எனக்கு விவரம் தெரிந்த நாளாகத் தெரியும். இவர் தூக்கம் என்கிறார்.

சாக்கை எடுத்துப் போய்விடுகிறேன் என்றார். எலித் தொல்லை இல்லாத இடத்தில்தான் இருக்கிறது, அடுத்த வருடத்துக்கு ஆகும் என்றேன்.

செப்டம்பர் 18

மழை. துணி காயவில்லை. விரல் நுனியில் வெடிப்பு, எரிகிறது. தேங்காய் எண்ணெய் தடவினேன்.

பட்டினி வரிசை நான்கு விரற்கடை கூடியிருக்கிறது. பதிவேட்டில் உள்ளபடி எழுதினேன்.

செப்டம்பர் 19

மழை.

அக்டோபர் 5

கஞ்சி, சாப்பாடு, விருந்து மூன்றிலும் இலை பழுக்கத் தொடங்கிவிட்டது. விருந்து கடைசியாகத்தான் பழுக்கிறது. பட்டினி பச்சையாக நிற்கிறது. நுனியில் சிவந்த குருத்து.

ராசாங்கம் பால் வாங்க வந்தவன் நின்று பார்த்தான்.

"என்ன மதினி, பட்டினி கெடக்குறவன் மொகத்துல இம்புட்டுப் பளபளப்பு?"

"மண்ணு அப்படி. அங்க முன்னாடி மாட்டுக் கொட்டம் இருந்துச்சு."

"எங்கிட்டு? கொட்டம் கீழ்த்தட்டுல இல்ல இருந்துச்சு?"

அவர் நாற்காலியில் இருந்தார். "பால் திரிஞ்சிரப் போகுது, போடா" என்றார்.

அக்டோபர் 16

ஆஸ்பத்திரி. டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுப் பேசினார். இன்று என்ன சமைத்தேன் என்று ஞாபகமில்லை.

அக்டோபர் 29

பண்ணையிலிருந்து மேடம் போன் செய்தார். வேறு ஊரில் பயிற்சி, அடுத்த மாதம் முழுக்க வர முடியாதாம். எண்களை மட்டும் போனில் சொல்லச் சொன்னார். சொன்னேன். பட்டினி வரிசை எண்ணைக் கேட்டுவிட்டு, "அக்கா, மறுபடி அளந்து பாருங்க" என்றார். அளந்து பார்த்தேன். அதே எண்தான்.

தீபாவளி வந்து போய்விட்டது.

நவம்பர் 15

சாலையில் மண் சரிந்து பஸ் இல்லை. ராசாங்கமும் கீழே போக முடியாமல் கிடக்கிறான். மலை முழுக்க மேகம். எதிர்த் தட்டுகூடத் தெரியவில்லை.

அவர் நாலு வார்த்தை பேசினால் மூச்சு வாங்குகிறது. கோயில்தான் தூரம் என்று சொல்லிக்கொண்டிருந்தவர் இன்று கழிப்பறைக்கே இரண்டு இடத்தில் நின்று போனார்.

நவம்பர் 27

வெயில் வந்தது. சாலையும் திறந்துவிட்டது. நான் அவரைக் கூப்பிட்டேன்.

"வாங்க. வந்து நின்னு பாருங்க."

"எதுக்கு?"

"சத்தியம் பண்ணீகளே."

ராசாங்கம் ஒரு பக்கம் பிடிக்க, நான் ஒரு பக்கம் பிடிக்க, எதிர்த் தட்டுக்குக் கூட்டிப் போனோம். இருபதடி தூரம்தான். கடைசி மரத்துக்குப் பக்கத்தில் நிறுத்தினோம். குருத்து நுனி அவர் இடுப்பில் வந்து தட்டியது. நான் பார்த்தேன். ராசாங்கமும் பார்த்தான்.

அவர் வேட்டிக் கட்டை அவிழ்த்து மேலே ஏற்றி, விலா எலும்புக்குக் கீழே முடிந்துகொண்டார்.

"ரெண்டு வெரக்கடை பத்தல."

"யோவ்! அது இடுப்பா? அது நெஞ்சு!" என்றான் ராசாங்கம். அண்ணனை யோவ் என்று அவன் சொல்லி நான் கேட்டதில்லை.

"என் இடுப்பு எங்க இருக்குன்னு நாந்தான்டா சொல்லணும்."

அவருக்குச் சிரிப்பு வந்துவிட்டது. சிரிப்பு இருமலாகி, அங்கேயே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். உட்கார்ந்தவர் மரத்தடி மண்ணை ரொம்ப நேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கையால் தடவிப் பார்த்தார். பிறகு, "தூக்குங்கப்பா" என்றார்.

நான் சமையலறைக்குப் போய்விட்டேன். ராசாங்கம் ஜீப்பைக் கிளப்பிய வேகத்தில் கோழி ஒன்று மயிரிழையில் தப்பித்தது.

டிசம்பர் 6

மற்ற மூன்று வரிசையிலும் ஓர் இலை இல்லை. பிப்ரவரியில் வந்த மாதிரியே வெறும் குச்சி, உயரமான குச்சி. பட்டினி மட்டும் பச்சை.

இன்னும் இரண்டு விரற்கடை.

டிசம்பர் 12

இன்னும் ஒரு விரற்கடை இருக்கலாம். விரல் வெடிப்பு ஆறவில்லை.

டிசம்பர் 20

விடிந்து கதவைத் திறந்தால் தட்டு முழுவதும் உப்புக் கொட்டினாற்போல் வெள்ளை. வாளித் தண்ணீரின் மேல் ஏடு கட்டியிருந்தது. இந்த வருடத்து முதல் உறைபனி.

வெயில் ஏறியதும் போய்ப் பார்த்தேன். கஞ்சி, சாப்பாடு, விருந்து மூன்றுக்கும் ஒன்றுமில்லை. தூங்குகின்றன. பட்டினி வரிசையில் எட்டு மரமும் வெந்த கீரை மாதிரித் தொங்குகின்றன. தொட்டால் கையில் ஒட்டுகிறது. பகலுக்குள் கறுத்துவிட்டன.

அவர் வாசலில்தான் இருந்தார். நான் அவர் பக்கம் திரும்பவில்லை. அங்கேயே நின்று களை எடுத்தேன். களை இல்லை.

டிசம்பர் 21

காலையில் துணி அலசிக்கொண்டிருந்தேன். நிமிர்ந்தால் நாற்காலியில் ஆளைக் காணோம். தனியாக எதிர்த் தட்டுக்குப் போயிருக்கிறார். எப்படிப் போனார் என்று தெரியவில்லை. கடைசி மரத்தடியில் உட்கார்ந்திருந்தார். ஓடினேன்.

"கத்தாத. உக்காரு" என்றார்.

உட்கார்ந்தேன். கட்டைவிரல் நகத்தால் மரப்பட்டையைக் கீறிக் காட்டினார். நுனியில் காப்பித்தூள் நிறம். நடுவில் கீறினார், அதே நிறம். முழங்கால் உயரத்தில் கீறினார், அதே. தரையிலிருந்து ஒரு சாணில் கீறியபோது உள்ளே பச்சை தெரிந்தது. ஈரமாக இருந்தது.

"அடியில உசுரு இருக்கு. மேல ஏத்துனதுதான் போச்சு."

கையை மரத்தடி மண்ணுக்கு இறக்கினார்.

"மேடம் வளையமாத்தான போடச் சொல்லும்?"

"ஆமா."

"இங்க குழி குழியா இருக்கே. ஒவ்வொண்ணுலயும் பெருவெரல் அமுக்குன தடம். அன்னைக்கு என்னைய இங்க கொண்டாந்து நிறுத்துனீகல்ல, அன்னைக்குப் பாத்தேன். பூண்டுக்கு வக்கிற கை. இந்த ஊர்ல எல்லாப் பொம்பளைக்கும் அந்தக் கைதான். ஆனா இந்தத் தட்டுக்கு வர்றது ஒருத்திதான்."

மூச்சு வாங்கினார். நான் முதுகைத் தடவிவிட்டேன்.

"அதுக்கு முந்தியே தெரியும். மழையில சாக்கப் போத்திக்கிட்டு வந்து குனிஞ்சு குனிஞ்சு நிமிருவ. எனக்குக் கண்ணு நல்லாத்தான இருக்கு."

"அப்ப ஏன் சும்மா இருந்தீக?" என்று கேட்டேன். கேட்டிருக்கக் கூடாது.

"சொன்னா நீ நிறுத்திருவ." கொஞ்ச நேரம் மரத்தையே பார்த்தார். "எங்கம்மா வச்ச மொளகாச் செடியில ஒரு காய் கேக்காமப் பறிக்க மாட்ட நீ. எனக்காகக் களவாண்டு வைக்கிற. பாத்துக்கிட்டே உக்காந்திருக்க நல்லா இருந்துச்சு. அந்தப் பச்சையப் பாத்துக்கிட்டே நாளப் போக்கிட்டேன். நான் போக்குன நாளுதான் மரத்த எரிச்சிருச்சு. நீ இல்ல."

"வேட்டிய ஏத்திக் கட்டுனீகளே."

"ஆமா. பயமா இருந்துச்சு."

இருபத்தொன்பது வருடத்தில் அந்த வார்த்தையை அவர் சொல்லி நான் கேட்டதில்லை.

அப்புறம், "கத்திரிய எடுத்துட்டு வா" என்றார். எடுத்து வந்தேன். பச்சை தெரிந்த இடத்தை ஒட்டி, தரையிலிருந்து ஒரு சாண் விட்டு, அவரே வெட்டினார். மூன்று மரம் வெட்டியதும் கத்திரியை என்னிடம் நீட்டினார். மீதி ஐந்தை நான் வெட்டினேன். வரிசை தரையோடு போய்விட்டது. எதிரே பார்க்க இப்போது ஒன்றுமில்லை.

"இனி இது எப்ப என் இடுப்புக்கு வர்றது?" என்றார்.

"வராது."

"பெறகு எதுக்கு நான் காத்துக்கெடக்கணும்? ராசாங்கத்த வண்டிய எடுக்கச் சொல்லு. வேலப்பருக்கு நான் பதில் சொல்லிக்கிறேன்."

போர்வை எடுத்துக்கொண்டேன்.

டிசம்பர் 23

கீழே. வார்டுக்கு வெளியே பெஞ்சில் எழுதுகிறேன். கழுத்தில் குழாய் வைத்திருக்கிறார்கள். இவ்வளவு தாமதமாகக் கொண்டுவந்தது யார் என்று டாக்டர் கேட்டார். ராசாங்கம் என்னைப் பார்த்தான், நான் ராசாங்கத்தைப் பார்த்தேன். "உறைபனி லேட்டு சார்" என்றான் அவன். டாக்டருக்குப் புரியவில்லை.

டிசம்பர் 24

மறுபடி மெஷின். காலில் வீக்கம் பாதி வடிந்திருக்கிறது. இதயமும் களைத்துப்போயிருக்கிறது, நாள் கணக்குச் சொல்ல முடியாது, ஒவ்வொரு தடவையும் பார்ப்போம் என்கிறார்கள்.

ஜனவரி 4

ஊருக்கு வந்துவிட்டோம். மேடம் வந்தார். பட்டினி வரிசை முன்னால் நின்றார். குனிந்து, ஒரு வெட்டுவாயைத் தொட்டுப் பார்த்தார். பதிவேட்டைப் புரட்டி என் எண்களை முதலிலிருந்து படித்தார்.

"இந்த வரிசைய கணக்குல சேக்க வேணாம் மேடம்" என்றேன்.

"ஏன்க்கா?"

"காட்டுமாடு புகுந்துருச்சு."

அவர் வேலியைப் பார்த்தார். ஒரு கம்பிகூட வளையவில்லை.

"காட்டுமாடு யூரியா வைக்குமாக்கா?"

நான் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். வாசலில் நாற்காலியில் அவர் போர்வைக்குள் இருந்தார், கழுத்தில் கட்டோடு. மேடம் அவரைப் பார்த்தார். பிறகு செப்டம்பரிலிருந்து அந்த வரிசைக்குக் குறுக்காக ஒரு கோடு போட்டார். பதிவேட்டில் முதல் அடித்தல்.

"ஒரு வருஷ உழைப்புக்கா. இந்த வரிசை இல்லாம மத்த மூணையும் எதோட ஒப்பிடறது? புதுசா எட்டுக் கன்னு நட்டு, முதல்லேர்ந்து ஆரம்பிக்கணும். மேலதிகாரிக்கு என்ன எழுதறதுன்னே தெரியல."

"நான் இனி வரணுமா மேடம்?"

பதிவேட்டை மூடினார். "யூரியா சாக்க நான் எடுத்துட்டுப் போறேன்" என்றார். "மத்தபடி நீங்கதான் பாக்கணும். வேற யாரு அளவ இப்படி ஒளிக்காம எழுதுவா?"

சாக்கைப் பண்ணை ஜீப்பில் ஏற்றிக் கொடுத்தேன். எலி கடித்த இடம் எது என்று அவர் கேட்கவில்லை.

பிப்ரவரி 9

செவ்வாயும் வெள்ளியும் கீழே. வெள்ளென எழுந்து, உப்பில்லாத கஞ்சி வைத்து, வெந்நீர் போத்தல், போர்வை, பை. திரும்பும்போது இருட்டிவிடுகிறது. மற்ற நாட்களில் தூங்குகிறோம். புதுக் கன்றுகளை ஐந்தாவது வரிசையாகத் தள்ளி நட்டிருக்கிறேன். வாசலிலிருந்து தெரியாது.

மார்ச் 21

விருந்து வரிசையில் நேற்றே மொட்டு உடைந்துவிட்டது. மற்றவை இன்று. ஒன்றிரண்டில் வெள்ளைப் பூகூட இருக்கிறது. முதல் வருடப் பூவைக் கிள்ளிவிடச் சொல்லியிருக்கிறார்கள். கிள்ளினேன்.

பழைய பட்டினி வரிசையில் மூன்று போய்விட்டன. ஐந்தில் தண்டடியிலிருந்து துளிர். கணக்கில் இல்லாத வரிசை, அளக்க வேண்டியதில்லை என்று மேடம் சொல்லியிருக்கிறார்.

காலையில் ஜீப்பில் ஏறும்போது அவர் கேட்டார்.

"எம்புட்டு?"

"ஒரு வெரக்கடை."

"நெசமா?"

"நெசமா."

"ஒண்ணும் வைக்கலயே?"

"சாக்கத்தான் கொண்டு போய்ட்டாகளே."

வேட்டியைச் சரிசெய்துகொண்டு உட்கார்ந்தார். ராசாங்கம் வண்டியைக் கிளப்பினான்.